கட்டாரில் இருந்து ஊர் பேங்க் கணக்குக்குள் போக முடியவில்லை, ஓ.டி.பி. துண்டிக்கப்பட்ட நம்பருக்குப் போகிறது

களுவாஞ்சிக்குடி_தம்பி:

வணக்கம் எல்லாருக்கும். சொந்த ஊர் இலங்கையில் களுவாஞ்சிக்குடி, நாலு வருஷமாக டோஹாவில் வேலை. ஊரில் ஒரு வங்கியில் எனக்குச் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. இங்கிருந்து அனுப்புகிற காசு முழுக்க அதற்குத்தான் போகும், வீட்டுக் கரண்ட் பில், தண்ணீர் பில், தங்கச்சியின் டியூஷன் காசு எல்லாவற்றையும் இங்கே இருந்தபடி அப்பில் கட்டிக்கொண்டு வந்தேன். இப்போது ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிறேன்.

வங்கியில் பதிந்திருப்பது ஊர் சிம் நம்பர். வெளிக்கிடும்போது அந்த சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன், ஓ.டி.பி. வந்தால் வட்ஸ்அப்பில் வாசித்துச் சொல்வார் என்ற எண்ணத்தில். அது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அம்மாவின் ஒரு கையில் வட்ஸ்அப் போன், மற்றக் கையில் பட்டன் போன், கண்ணாடி சாமி அறையில். ஆறு இலக்கத்தில் மூன்றைச் சொல்வதற்குள் பட்டன் போனின் வெளிச்சம் அணைந்துவிடும், திரும்ப அமத்தி, "இது ஒன்பதா மனே, ஆறா" என்று சரித்துச் சரித்துப் பார்க்கும்போது நேரம் முடிந்துவிடும், நான் இன்னொன்று அனுப்பச் சொல்லி அமத்துவேன், அம்மா பழையதையே வாசிப்பார். இப்படியே மூன்று வருஷத்துக்கு மேல் ஓட்டினோம்.

மறுகா போன மாசம் வேலைத்தளத்தில் என் போன் விழுந்து உடைந்தது. புதுப் போனில் அப்பைப் போட்டால் முதலில் இருந்து பதியச் சொல்லி ஓ.டி.பி. அனுப்புகிறது. அம்மாவைக் கேட்டால் ஒன்றும் வரவில்லை என்கிறார். அப்போதுதான் தெரிந்தது, அந்த சிம்முக்கு ஏழெட்டு மாசமாக யாருமே ரீலோட் போடவில்லை, நம்பர் துண்டிக்கப்பட்டுவிட்டது. அவசரத்தில் கடவுச்சொல்லையும் பிழையாக அடித்து இப்போது கணக்கு இணையத்தில் பூட்டி இருக்கிறது. வங்கியின் அவசர இலக்கத்துக்கு எடுத்தேன், கிளைக்கு நேரில் வரச் சொன்னார்கள். எனக்கு லீவு ஆவணிக்குத்தான்.

அம்மாவிடம் என் ஏ.டி.எம். கார்ட் இருக்கிறது, அதில்தான் இந்த மாசம் ஓடுகிறது. அந்தக் கார்ட்டும் அடுத்த மாசத்தோடு காலாவதி. தம்பியிடம் என் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து அவனையே பார்க்கச் சொல்லலாமா? நேரில் போகாமல் நம்பரை மாற்ற வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், உண்மையாகவே தலை சுற்றுகிறது.


வாவிக்கரை_சுவிஸ்:

தம்பி, முதலில் அந்த சிம் யாருடைய பெயரில் என்று பாருங்கள். உங்கள் பெயரில் இருந்து, நம்பர் இன்னும் வேறு ஆளுக்குப் போகாமல் இருந்தால், தொலைபேசி நிறுவனத்தின் கிளையில் திரும்ப எடுக்க வாய்ப்பு உண்டு. ஆனால் இன்றைக்கே கேளுங்கள். பாவிக்காத நம்பரைக் கொஞ்சக் காலம் வைத்திருந்துவிட்டு இன்னொருவருக்கு விற்றுவிடுவார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் பழைய நம்பருக்கு அப்படித்தான் நடந்தது. நான் சூரிச்சில் இருந்து ஒரு நாள் சும்மா எடுத்துப் பார்க்க, மறுபக்கம் ஒரு சிங்களப் பொம்பிளைப் பிள்ளையின் குரல். நல்ல பிள்ளை, "உங்கட பேங்க் மெசேஜ் எல்லாம் எனக்குத்தான் வருது அண்ணா" என்று பாதித் தமிழில் சொன்னது. என் சம்பளக் காசு வந்த கணக்கு, மீதி எவ்வளவு என்பது வரை ஒவ்வொரு மெசேஜும் முன்பின் தெரியாத ஒருவரின் போனுக்கு ஐந்து மாசம் போயிருக்கிறது. அந்த இடத்தில் வேறு மாதிரி ஒரு ஆள் இருந்திருந்தால் என்று நினைத்து அன்று இரவு நித்திரை வரவில்லை. அதனால் நம்பர் திரும்பக் கிடைக்காது என்று தெரிந்தால், புது நம்பர் போடும் வரை காத்திருக்காமல் பழைய நம்பரை நீக்கச் சொல்லி வங்கிக்கு உடனே எழுதுங்கள்.

இனி எடுக்கிற சிம் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும், வீட்டில் இல்லை. இப்போதைய போன்களில் இரண்டு சிம் போடலாம், இல்லையென்றால் இ-சிம் இருக்கிறது. ஊர் சிம்மில் ரோமிங்கைத் திறந்துவிட்டு டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள். ரோமிங்கில் எஸ்.எம்.எஸ். வாங்குவதற்குப் பெரும்பாலும் காசு வெட்டுவதில்லை, அழைப்பு எடுத்தால், டேட்டா ஓடினால்தான் வெட்டும். ரோமிங்கை ஊரில் நிற்கும்போதே திறந்து, ஒரு மெசேஜ் வருகிறதா என்று பார்த்துவிட்டு விமானம் ஏறுவது நல்லது. நான் ஒவ்வொரு மாசமும் முதலாம் திகதி இணையத்தில் 100 ரூபாய் ரீலோட் போடுகிறேன், சம்பளம் வருகிற நாள் என்பதால் மறக்காது.

ஒன்று விட்டுப்போனது. போன் மாற்றுகிற நேரத்தில் சிம்மையும் மாற்றாதீர்கள். பழைய போன் வேலை செய்துகொண்டிருக்கும்போதே புதுப் போனில் அப்பைப் பதிந்து, திறக்கிறதா என்று பார்த்தபிறகு பழையதை அழியுங்கள்.


கல்முனை_முன்னாள்_பேங்க்:

மகன், நான் 31 வருஷம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன், கடைசி ஏழு வருஷம் அம்பாறை மாவட்டக் கிளைகளில். உங்கள் கதை மாதிரி மாசத்துக்குப் பத்தாவது பார்த்திருப்பேன்.

அவசர இலக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு "நேரில் வாங்க" என்பதைத் தவிர வேறு சொல்ல அதிகாரம் இல்லை, அவரில் கோபிக்க வேண்டாம். நீங்கள் பிடிக்க வேண்டியது கணக்கு இருக்கிற கிளையை. இங்கே காலை 9 மணி என்றால் உங்களுக்கு 6.30, வேலைக்குப் போகுமுன் எடுக்கலாம். உங்கள் லீவு வெள்ளி சனி, இங்கே வங்கி திங்கள் தொடக்கம் வெள்ளி, அதனால் வெள்ளிக்கிழமை காலை ஆறுதலாகக் கதைக்க நல்ல நாள். வாடிக்கையாளர் விபரம் மாற்றுகிற படிவத்தை ஈமெயிலில் கேளுங்கள். அதை நிரப்பி, வங்கியில் இருக்கிற அதே கையெழுத்தை வைத்து, கடவுச்சீட்டுப் பிரதியோடு டோஹாவில் இருக்கிற நமது தூதரகத்தில் உறுதிப்படுத்தி மூலப் பிரதியை அனுப்பினால் நிறையக் கிளைகள் ஏற்றுக்கொள்ளும். வங்கிக்கு வங்கி நடைமுறை வேறு, ஆகவே தூதரகத்துக்கு அலைவதற்கு முன் "இப்படி அனுப்பினால் எடுப்பீர்களா" என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழியும் உண்டு. சில இலங்கை வங்கிகள் வளைகுடா நாடுகளில் காசு அனுப்புகிற எக்ஸ்சேஞ்ச் கடைகளில் தங்கள் உத்தியோகத்தர்களை இருத்தியிருக்கின்றன. உங்கள் வங்கியின் ஆள் டோஹாவில் இருந்தால் அவரே அடையாளத்தைப் பார்த்துப் படிவத்தை அனுப்பிவிடுவார், தூதரகம் வரை போகத் தேவைப்படாது. வெளிநாட்டு நம்பரையே ஓ.டி.பி.க்குப் பதிகிற வங்கிகளும் இருக்கின்றன, கேளுங்கள்.

கையெழுத்தில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். பதினெட்டு வயதில் கணக்குத் திறக்கும்போது தமிழில் முழுப்பெயரை உருண்டையாக எழுதியிருப்பார்கள், பத்து வருஷம் கழித்து ஒரு கோடு இழுத்து அனுப்புவார்கள். படிவம் திரும்பிவிடும்.

அடுத்தது அடையாள அட்டை எண். 2016 தொடக்கம் புது அட்டையில் 12 இலக்கம். பழைய அட்டை 9 இலக்கமும் கடைசியில் ஆங்கில எழுத்தும். கணக்கு பழைய எண்ணில் இருக்க, நீங்கள் அப்பில் புது எண்ணை அடித்தால் "பொருந்தவில்லை" என்று சொல்லும், மூன்று தரம் அடித்தால் பூட்டிவிடும். உங்களுக்குக் கடவுச்சொல் பிழைத்ததா எண் பிழைத்ததா என்றே எனக்கு ஒரு சந்தேகம். 90களில் பிறந்தவர் என்றால் பழைய எண்ணுக்கு முன்னால் 19, முதல் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0, எழுத்தை விட்டுவிட்டால் அதுதான் புது எண். எந்த வடிவம் வங்கியில் பதிவாகி இருக்கிறது என்று கிளையில் கேளுங்கள்.

தம்பிக்குக் கடவுச்சொல் கொடுக்கிற விஷயம். வேண்டாம். தம்பி நல்லவர்தான், நான் அவரைச் சொல்லவில்லை. வங்கியின் கண்ணில் உங்கள் கடவுச்சொல்லால் நடந்தது எல்லாம் நீங்கள் செய்தது. நாளைக்கு அவருடைய போன் தொலைந்து யாராவது காசை எடுத்தால், கடவுச்சொல்லை இன்னொருவருக்குக் கொடுத்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி, ஓம் என்று சொன்னால் உங்கள் முறைப்பாட்டுக்கு அங்கேயே பலம் போய்விடும். ஊரில் ஒருவர் உங்களுக்காகக் கையெழுத்து வைக்க வேண்டுமென்றால் அதற்கு அற்றோணித் தத்துவம் (பவர் ஒஃப் அற்றோணி) இருக்கிறது. தூதரகத்தில் ஒப்பமிட்டு, இங்கே பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிந்து, வங்கியிலும் கொடுக்க வேண்டும். காணி, கடன் என்று பெரிய வேலை இருந்தால் அது சரி. மாசச் செலவுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.


சம்மாந்துறை_ராத்தா:

எல்லாரும் வெளிநாட்டில் இருக்கிறவர் பக்கம் நின்று சொல்கிறீர்கள், நான் வீட்டில் இருக்கிறவர் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்கிறேன் தம்பி.

எனது கணவர் சவூதியில் பதினொரு வருஷம். முதல் ஆறு வருஷமும் உங்கள் அம்மா மாதிரித்தான், அவருடைய கார்ட் என்னிடம், பின் நம்பர் ஒரு துண்டில் எழுதி பாஸ்புக் உறைக்குள். ஒரு நோன்பு மாசம், சின்னவனுக்கு மூச்சுத் திணறல், கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியில் காசு எடுக்க மெஷினில் கார்ட்டைப் போட்டேன், உள்ளே இழுத்துக்கொண்டது. திரும்ப வரவில்லை. பிள்ளை தோளில், பின்னால் நான்கு பேர் வரிசையில். அடுத்த நாள் வங்கிக்குப் போனால் கார்ட் உங்கள் பெயரில் இல்லை, தர முடியாது, கணக்குக்காரர் வர வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னது சட்டப்படி சரி. ஆனால் கணக்கில் எங்கள் காசு கிடக்க, நான் பக்கத்து வீட்டில் ஐயாயிரம் கடன் கேட்டு நின்றேன். ஆறு வருஷம் வீடு நடத்திய எனக்கு அந்த வங்கியில் பெயரே இல்லை என்பது அன்றுதான் உறைத்தது.

அந்த மாசமே என் பெயரில் ஒரு கணக்குத் திறந்தேன். அடையாள அட்டை, கரண்ட் பில், கொஞ்சம் காசு, அவ்வளவுதான், அரை நாளில் முடிந்தது. இப்போது அவர் தன் கணக்கில் இருந்து மாசா மாசம் எனக்கு அனுப்புகிறார். வேறு வங்கி என்றாலும் வங்கிகளை இணைக்கிற லங்காபே வழியாக அந்த நிமிஷமே வந்துவிடுகிறது, ஞாயிறா, போயா (பௌர்ணமி) விடுமுறையா என்று பார்க்கத் தேவையில்லை. என் கார்ட், என் பின் நம்பர், என் போனுக்கு மெசேஜ். பில் கட்டுவதும் நான்தான், கரண்ட் பில்லில் இருக்கிற 10 இலக்கக் கணக்கு எண்ணை ஒரு தரம் போட்டு வைத்தால் பிறகு தொகையை மட்டும் அடித்தால் போதும்.

அம்மாவை ஓ.டி.பி. வாசிக்க வைக்காதீர்கள் தம்பி. அந்த வயதில் பதற்றமாக இருக்கும், பிழைத்துவிட்டால் மகனின் காசைக் கெடுத்துவிட்டோம் என்று நினைப்பார்கள். அதோடு போனில் யார் கேட்டாலும் நம்பரை வாசித்துச் சொல்கிற பழக்கம் வந்துவிட்டால், நாளைக்கு வேறு யாராவது "பேங்கில் இருந்து கதைக்கிறோம்" என்றாலும் சொல்லிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி இரண்டு பேருக்குக் காசு போனது எனக்குத் தெரியும்.


களுவாஞ்சிக்குடி_தம்பி:

ராத்தா, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு அம்மாவுக்குத்தான் முதலில் எடுத்தேன். "எனக்கு ஏன்டா பேங்க், உன்ட காசுதானே" என்கிறார். அம்மாவுக்கு ஆங்கிலத்தில் கையெழுத்து வைக்கத் தெரியாது, அதில் கூச்சம் போல. அது பரவாயில்லையா ஐயா?

இன்னொன்று, என்னுடன் இருக்கிறவர்கள் டொலர் கணக்குத் திறக்கச் சொல்கிறார்கள். என்.ஆர்.எஃப்.சி. என்று ஒருவர் சொல்கிறார், அப்படி ஒன்று இப்போது இல்லை என்று இன்னொருவர் சொல்கிறார்.


கல்முனை_முன்னாள்_பேங்க்:

தமிழில் தாராளமாக வைக்கலாம் மகன். வங்கிக்கு வேண்டியது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருப்பது, எந்த மொழி என்பது இல்லை. படிவமும் தமிழில் கேட்கலாம், கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். கைநாட்டு என்றாலும் கணக்குத் திறக்கலாம், கார்ட் தருவதில்தான் தயங்குவார்கள். திறக்கும்போதே பின்னுரித்தாளர், அதாவது கணக்குக்காரருக்குப் பிறகு காசு யாருக்குப் போக வேண்டுமோ அவரின் பெயரை எழுதிவிடச் சொல்லுங்கள். உங்கள் கணக்கிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள், அந்த இடத்தை வெறுமையாக விட்ட கணக்குகளால் குடும்பங்கள் நீதிமன்றம் வரை அலைந்ததைக் கண்டிருக்கிறேன்.


பெரியநீலாவணை_லண்டன்:

டொலர் கணக்கு பற்றி நான் சொல்கிறேன். இரண்டு பேர் சொன்னதும் ஒரு வகையில் சரி. 2017 நவம்பரில் புது வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது என்.ஆர்.எஃப்.சி., ஆர்.எஃப்.சி. போன்ற பழைய பெயர்கள் எல்லாம் போய், தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு என்று ஒன்றாகிவிட்டது. வெளிநாட்டில் உழைத்து அனுப்புகிற காசை டொலராகவே, பவுண்டாகவே அதில் வைத்திருக்கலாம், தேவையானபோது தேவையான அளவை மட்டும் ரூபாயாக்கலாம், திரும்ப வெளியே எடுக்கவும் தடை குறைவு. ஆனால் ரூபாய்க் கணக்கில் ஏற்கெனவே விழுந்த காசை நினைத்தவுடன் இதற்குள் மாற்ற முடியாது, அதனால் எந்தக் கணக்கு இலக்கத்துக்கு அனுப்புகிறீர்கள் என்பதை அனுப்புகிற கடையில் சரியாகச் சொல்ல வேண்டும்.

2022இல் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சத்தில் இருந்த டொலர் மே மாசத்தில் 360 தாண்டியது. எனது பத்து வருஷச் சேமிப்பு முழுக்க ரூபாயில் இருந்தது. தொகை அப்படியே இருந்தது, பெறுமதிதான் பாதிக்குக் கிட்ட இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டுச் செலவுக்கு வேண்டியதை ரூபாயிலும் மிச்சத்தை வெளிநாட்டு நாணயத்திலும் வைக்கிறேன். ஒரே வங்கியில் எல்லாவற்றையும் போடாமல் இருப்பதும் நல்லது, வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரைதான்.

அம்மா பெயரில் பிறகு நிலையான வைப்புப் போடுவதாக இருந்தால், வட்டியில் பிடிக்கிற வரி 2025 ஏப்ரலில் இருந்து 10 வீதம், முன்பு 5. வருஷ வருமானம் 18 இலட்சத்துக்கு மேல் இல்லாதவர் அதைச் சொல்லி வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். நிறையத் தாய்மாருக்கு இது தெரியாமல் காசு போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு விஷயம் இந்தக் கேள்விக்கு வெளியே, ஆனாலும் நம் பக்கத்து ஆட்கள் வாசிப்பதால் எழுதுகிறேன். 2004 சுனாமியில் எங்கள் வீடு போனது, அப்பாவின் பாஸ்புக்கும் போனது. அப்பா அதற்குப் பிறகு கணக்கைத் தொடவே இல்லை, நாங்களும் லண்டன் வந்துவிட்டோம். பத்து வருஷம் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லாத கணக்கை உரிமை கோராத சொத்தாக எடுத்து மத்திய வங்கிக்கு மாற்றிவிடுவது சட்டம். காசு போய்விட்டது என்றுதான் நினைத்தோம். 2019இல் ஊருக்குப் போனபோது அப்பாவின் பழைய அடையாள அட்டைப் பிரதியும், அவர் காசு அனுப்பிய ஒரு கடிதத்தின் மூலையில் எழுதியிருந்த கணக்கு இலக்கமும் கொண்டுபோய் கிளையில் கேட்டோம். தேடி எடுத்தார்கள். மத்திய வங்கிக்குப் போனாலும் உரிமைக்காரர் அதே வங்கி வழியாகத் திரும்பக் கேட்கலாம். நாலு மாசம் எடுத்தது, வந்தது. பெரிய தொகை இல்லை, ஆனால் அப்பா மீன் வாடியில் கணக்கெழுதிச் சேர்த்த காசு. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊரில் சும்மா கிடக்கிற கணக்கு இருந்தால் வருஷத்துக்கு ஒரு தரமாவது 500 ரூபாய் போட்டு எடுங்கள்.


களுவாஞ்சிக்குடி_தம்பி:

ஐந்து கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், இதே சிக்கலில் வருகிறவர்களுக்கு உதவும்.

பழைய நம்பர் கிடைக்கவில்லை, வேறு ஆளுக்குப் போய்விட்டது. வாவிக்கரை அண்ணன் சொன்ன உடனேயே அதை நீக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிவிட்டேன். எங்கள் வங்கியின் உத்தியோகத்தர் ஒருவர் இங்கே ஒரு எக்ஸ்சேஞ்சில் வெள்ளிக்கிழமைகளில் இருக்கிறார், தூதரகத்துக்குப் போகவே தேவைப்படவில்லை. கடவுச்சீட்டையும் கட்டார் அட்டையையும் பார்த்து, படிவத்தில் என் கையெழுத்தைப் பார்த்தவர் "இது பழைய கையெழுத்தா, இப்போதையதா" என்று கேட்டார். கல்முனை ஐயா, உங்களை நினைத்துக்கொண்டேன். பழையதையே வைத்தேன். பன்னிரண்டு நாளில் என் கட்டார் நம்பருக்கு ஓ.டி.பி. வந்தது. அடையாள அட்டை எண்ணிலும் நீங்கள் சொன்னது சரி, அவர்களிடம் இருந்தது பழைய எண்.

அம்மாவைத் தங்கச்சி கூட்டிப்போய்க் கணக்குத் திறந்தாயிற்று, தமிழில்தான் கையெழுத்து. நேற்று முதல் தரம் அம்மாவின் கணக்குக்கு 45,000 போட்டேன். போட்டுவிட்டு எடுத்துச் சொல்லலாம் என்று போனை எடுக்க, அவரே எடுத்துவிட்டார். "சொல்லாத, சொல்லாத, நானே வாசிக்கிறன்" என்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். இந்தத் தரம் வெளிச்சம் அணைந்தாலும் அவசரம் இல்லை, திரும்ப அமத்தி மிச்சத்தையும் வாசித்தார்.

ஒன்றுதான் மிச்சம். என் கணக்கில் அப்பாவின் பெயர் முதல் எழுத்தாக மட்டும் இருக்கிறது, கடவுச்சீட்டில் முழுதாக இருக்கிறது, புதுக் கார்ட் அதனால் நிற்கிறது. இதையும் இங்கிருந்து செய்யலாமா ஐயா?


கல்முனை_முன்னாள்_பேங்க்:

அதை லீவில் வரும்போது வைத்துக்கொள்ளுங்கள் மகன். பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, அடையாள அட்டை மூன்றையும் கொண்டுபோய், இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி ஒன்று எடுத்தால் அரை நாள் வேலை. அம்மாவிடம் இருக்கிற பழைய கார்ட்டைக் காலாவதியானதும் வெட்டிப் போடச் சொல்லுங்கள், பின் நம்பர் எழுதிய துண்டு இருந்தால் அதையும் சேர்த்து.